ஊறுகாய்ப்புல்லும் அதைக் காக்கும் நுண்ணுயிர்களும்

பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து, புளிக்கவைத்து, பல மாதங்களுக்குச் சேமித்து வைப்பதுதான் ஊறுகாய்ப்புல். மாடு வளர்ப்போர் பேச்சில் அது சைலேஜ். மக்காச்சோளம், தீவனச்சோளம், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எல்லாம் மழைக்காலத்தில் தேவைக்கு மேல் விளைகின்றன. பங்குனி, சித்திரையில் ஒரு பிடி பச்சைக்கு அலைய வேண்டியிருக்கிறது. மிஞ்சியதைக் காயப்போட்டு வைக்கலாமென்றால் தடித்த தண்டுள்ள பயிர் லேசில் காயாது. மழை ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். காய்ந்தாலும் இலை உதிர்ந்து சத்துப் போய்விடும். அடைத்துப் புளிக்கவைத்தால் இந்த இழப்பு பெருமளவு குறைகிறது. அந்தப் புளிப்பை உண்டாக்குபவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். தீவனத்தைக் கெடாமல் வைப்பது மட்டுமன்று, மாட்டுக்கும் அதன் பாலைக் குடிப்பவருக்கும் தீங்கு செய்யும் கிருமிகளை அடக்குவதும் இவற்றின் வேலைதான்.

லாக்டிக் அமில பாக்டீரியா என்பது ஓர் இனத்தின் பெயரன்று. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் பல பேரினங்களைச் சேர்த்து அழைக்கும் பொதுப்பெயர். பால் தயிராவதும் இட்லி மாவு பொங்கிப் புளிப்பதும் இந்தக் கூட்டத்தின் செயலே. மாவைப் பொங்கவைக்கும் லியுகோநாஸ்டாக் பேரினம் வயலில் நிற்கும் புல்லின் இலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் புளிப்பு உயிருள்ள ஒன்றின் செயல் என்பதை 1857-இல் லூயி பாஸ்டர் காட்டினார். 1870-களில் ஜோசப் லிஸ்டர் பாலிலிருந்து இப்படியொரு பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அறுவைச் சிகிச்சையில் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்த அதே மருத்துவர்தான். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லில் பெருகி ஆடுமாடுகளைக் கொல்லும் லிஸ்டீரியா கிருமிக்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தீவனக் குழிக்குள் எதிரெதிராக நிற்கும் இரண்டு நுண்ணுயிர்களோடும் ஒரே மனிதரின் நினைவு சேர்ந்திருக்கிறது.

இந்த பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கையாளும் விதம் இரண்டு. ஒரு வகை, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உடைத்து இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக்கும்; வேறெதையும் உண்டாக்காது. எடையில் இழப்பில்லை, ஆற்றலிலும் இழப்பு மிகச் சொற்பம். இன்னொரு வகை அதே குளுக்கோஸிலிருந்து ஒரு லாக்டிக் அமிலத்தோடு ஆல்கஹாலோ அசிட்டிக் அமிலமோ, கூடவே கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்கும். வாயுவாகப் போவது மட்டும் சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கணக்குப் பார்த்தால் முதல் வகைதான் லாபம் என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்களும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

குழிக்குள் நடப்பதை நாள்வாரியாகப் பார்த்தால் இந்தத் தொழிலின் பெரும்பகுதி விளங்கிவிடும். அறுத்து நறுக்கிய தீவனம் செத்த பொருளன்று. அதன் செல்கள் இன்னும் மூச்சு விடுகின்றன. சுற்றியுள்ள ஆக்சிஜனை இழுத்து, தம்மிடமுள்ள சர்க்கரையையே எரித்து, வெப்பத்தை வெளிவிடுகின்றன. நன்றாக மிதித்து அடைத்த குழியில் இது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தளர்வாக அடைத்த குழியில் நாட்கணக்கில் நீளும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். அந்தச் சூடு முழுவதும் பாக்டீரியாவுக்குப் போயிருக்க வேண்டிய சர்க்கரை. ஆக்சிஜன் தீர்ந்ததும் முதலில் கிளம்புவது நல்ல நுண்ணுயிர்கள் அல்ல. மண்ணிலிருந்தும் சாணத்திலிருந்தும் வந்த குடல் பாக்டீரியாக்களே அப்போது எண்ணிக்கையில் முந்தி நிற்கும், ஈ. கோலை இவற்றின் உறவு. இவையும் சர்க்கரையைத் தின்கின்றன, புரதத்தையும் அம்மோனியாவாக உடைக்கின்றன. அடுத்து உருண்டை வடிவ லாக்டிக் பாக்டீரியாக்களான என்டரோகாக்கஸ், லாக்டோகாக்கஸ், லியுகோநாஸ்டாக், பீடியோகாக்கஸ் ஆகியவை வேகமாகப் பெருகி அமிலத்தைச் சுரக்கின்றன. புளிப்பு ஏற ஏற பி.எச். என்ற எண் குறையும்; தொடக்கத்தில் 6-ஐ ஒட்டி இருந்த அந்த அளவு 5-க்கு இறங்குகிறது. அந்தப் புளிப்பில் பெரும்பாலானவை தளர்ந்துவிட, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் கோல் வடிவ லேக்டோபேசில்லஸ் வகைகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மக்காச்சோளத்தில் பி.எச். 3.8, 4 என்ற அளவுக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் லாக்டிக் பாக்டீரியாவே மேற்கொண்டு பெருக முடியாமல் அடங்கிவிடும். குழி திறக்கப்படும் வரை உள்ளே மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

இந்த ஓட்டத்தில் யார் முந்துகிறார் என்பதே ஊறுகாய்ப்புல்லின் தரம். பி.எச். விரைவில் இறங்கினால் குடல் பாக்டீரியாக்கள் சில நாட்களில் மடிகின்றன. தாமதித்தால் கிளாஸ்ட்ரிடியம் என்ற இன்னொரு கூட்டத்துக்குக் கதவு திறக்கிறது. இதற்கும் ஆக்சிஜன் வேண்டாம். ஈரம் அதிகமுள்ள தீவனத்தில் இது செழிக்கும். இதன் கொடுமை என்னவென்றால் லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்டிரிக் அமிலமாக மாற்றிவிடும். அந்த மாற்றத்தில் லாக்டிக் அமிலத்தின் எடையில் ஏறத்தாழ பாதி வாயுவாகப் போகிறது. வலிமையான அமிலம் போய் வலிமை குறைந்த அமிலம் வருவதால் பி.எச். மறுபடி ஏறுகிறது, ஏறியதும் இன்னும் பல கிளாஸ்ட்ரிடியங்கள் கிளம்பிப் புரதத்தை அழுகவைக்கின்றன. குமட்டும் ஊசல் நாற்றமும் கையில் பிசுபிசுப்பும் கழுவினாலும் போகாத வாடையும் இதன் அடையாளங்கள். மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகளை அமிலம் கொல்லாது; முளைக்கவிடாமல் தடுக்க மட்டுமே செய்யும். வித்துகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் வந்து, மடியில் ஒட்டி, பாலில் கலக்கும். ஐரோப்பாவில் பல மாதங்கள் பக்குவப்படுத்தும் சீஸ் கட்டிகள் இதனால் உள்ளே வாயு சேர்ந்து வீங்கி வெடிப்பு விடும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குப் பால் தரும் மாடுகளுக்கு ஊறுகாய்ப்புல்லே போடக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் இன்னும் பயங்கரமானது. அறுவடையின்போது இயந்திரத்தில் சிக்கிய எலி, பாம்பு, முயல் போன்றவற்றின் உடல் தீவனத்தோடு அடைபட்டால், அந்த இடத்தில் இது நஞ்சைச் சுரக்கும். அதைத் தின்ற மாடுகளுக்குத் தசைகள் செயலிழந்து மரணம் நேரும். எந்த நல்ல பாக்டீரியாவும் இதற்கு முழுக் காப்பு அன்று. செத்த உயிர் எதுவும் குழிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் வேறு குணம் கொண்டது. மண்ணிலும் சாணத்திலும் இயல்பாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரும். சிறிதளவு ஆக்சிஜனும் பி.எச். 5-க்கு மேலான நிலையும் கிடைத்தால் ஊறுகாய்ப்புல்லில் பெருகிவிடும். அதனால் குழியின் நடுப்பகுதியைவிட மேல்மட்டம், ஓரங்கள், தார்ப்பாய் கிழிந்த இடம், பையில் எலி கடித்த துளை ஆகியவற்றைச் சுற்றியே இதைக் காணலாம். இது தொற்றிய ஆடு தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி நடக்கும். ஒருபக்கக் காது தொங்கும். வாயில் எச்சில் ஒழுகும். சினை ஆடுமாடுகளில் கரு கலையும். குளிர்காலம் முழுவதும் ஆடுகளைக் கொட்டிலில் அடைத்து ஊறுகாய்ப்புல் போட்டு வளர்க்கும் ஐஸ்லாந்தில் இதற்கு ஊறுகாய்ப்புல் நோய் என்றே பெயர். காய்ச்சாத பால், அதில் செய்த மென்மையான சீஸ் வழியாக இந்தக் கிருமி மனிதரையும் தொற்றும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் உயிராபத்து.

இப்படிப்பட்ட கிருமிகளை லாக்டிக் பாக்டீரியாக்கள் எப்படி அடக்குகின்றன? முதல் ஆயுதம் அமிலம். ஆனால் வெளியே புளிப்பு ஏறுவது மட்டும் கிருமியைக் கொல்வதில்லை. லாக்டிக், அசிட்டிக் போன்ற அமிலங்களின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரில் பிரிந்து மின்னேற்றம் பெற்றிருக்கும். மீதி பிரியாமல் முழுசாக இருக்கும். பிரியாத மூலக்கூறு கிருமியின் கொழுப்புச் சவ்வைத் தடையின்றிக் கடந்து உள்ளே போகும். செல்லின் உட்புறம் நடுநிலையில் இருப்பதால் அங்கே போனதும் பிரிந்துவிடும். உட்புறம் புளிக்கத் தொடங்கும். கிருமி அந்த அமிலத்தன்மையை வெளியே தள்ளத் தன் ஆற்றலையெல்லாம் செலவழிக்கும். வளரவோ பெருகவோ எதுவும் மிஞ்சாது. கடைசியில் தளர்ந்து சாகும். பி.எச். 4-இல் லாக்டிக் அமிலத்தில் நூற்றுக்கு 42 பங்கு பிரியாமல் இருக்கும். 5-இல் 7 பங்குதான். அதாவது பி.எச். ஒரு படி ஏறினால் தாக்கும் வலிமை ஆறில் ஒன்றாகிவிடுகிறது. 4.2-க்கும் 5.2-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்ன எண் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

அசிட்டிக் அமிலம் லாக்டிக் அமிலத்தைவிட வலிமை குறைந்தது. அதனாலேயே பி.எச். 4-இல் அதன் 85 பங்கு பிரியாமல் நிற்கும். பி.எச்.-ஐ இறக்குவதில் அது பின்தங்கினாலும் ஈஸ்ட்டையும் பூசணத்தையும் அடக்குவதில் முந்திக்கொள்கிறது. பின்னால் வரும் செய்திக்கு இது அடிப்படை.

இரண்டாவது ஆயுதம் பாக்டீரியோசின்கள். சில லாக்டிக் பாக்டீரியாக்கள் தங்களுக்குப் போட்டியாக வரும் உறவினர்களைக் கொல்லச் சின்னஞ்சிறு புரதங்களைச் சுரக்கின்றன. இவை எதிரியின் செல் சவ்வில் துளையிடும். உள்ளிருப்பது கசிந்து போகும். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் நிசின் 1928-இலேயே கண்டறியப்பட்டது. பதப்படுத்திய சீஸில் கிளாஸ்ட்ரிடியம் வித்துகளை அடக்க இன்று உலகெங்கும் சேர்க்கப்படுகிறது. பீடியோகாக்கஸ் ஆசிடிலாக்டிசி சுரக்கும் பீடியோசின், லிஸ்டீரியாவுக்கு எதிராகக் கூர்மையாக வேலை செய்யும். ஆனால் ஈ. கோலை, சால்மொனெல்லா போன்றவற்றுக்கு வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வு இருப்பதால் இந்தப் புரதங்கள் உள்ளே எட்டுவதில்லை. அவற்றுக்கு அமிலம்தான் மருந்து. இவை தவிர ஹைட்ரஜன் பெராக்சைடு, பூசணத்தைத் தடுக்கும் ஃபினைல்லாக்டிக் அமிலம் போன்றவையும் சிறு அளவில் உண்டாகின்றன. ஆய்வகத் தட்டில் இவையெல்லாம் அழகாக வேலை செய்தாலும் டன் கணக்கான தீவனத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்வது அமிலமே. பாக்கெட்டின் மேல் கிருமிக்கொல்லி என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

இயற்கையில் வரும் பாக்டீரியாவை நம்பியிருக்காமல் வெளியிலிருந்து சேர்க்கும் எண்ணம் நூறாண்டுக்கு மேல் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சில் சர்க்கரைப் பீட்ரூட் சக்கையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எனினும் முதலில் வென்றது பாக்டீரியா அன்று, நேரடி அமிலம். பின்லாந்தின் வேதியியலாளர் அர்ட்டூரி வீர்ட்டானன், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் கலந்து தீவனத்தின் மேல் தெளித்து, பி.எச்.-ஐ ஒரேயடியாக 4-க்குக் கீழே இறக்கினார். கிளாஸ்ட்ரிடியத்துக்கு இடமே கிடைக்கவில்லை. நீண்ட குளிர்காலத்தில் மாடுகள் கொட்டிலை விட்டு வெளியே வரமுடியாத பின்லாந்துக்கு இது பெரிய விடுதலை. தீவனச் சேமிப்பு முறை ஒன்றுக்காக நோபல் பரிசு தரப்பட்டது அந்த ஒருமுறைதான், ஆண்டு 1945. ஆனால் கந்தக அமிலத்தை வயலில் கையாள்வது கையையும் இயந்திரத்தையும் அரித்தது. பின்னாளில் ஃபார்மிக் அமிலம் வந்தது. வேண்டிய பாக்டீரியாவை உலர்தூளாக்கிப் பாக்கெட்டில் உயிரோடு வைக்கும் நுட்பம் கைகூடியபின் உயிர்ச்சேர்க்கைகள் பரவலாயின.

இந்தத் தூள்களில் மிகுதியும் இருப்பது லேக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். வேகமாகப் பெருகும், அமிலத்தைத் தாங்கும், சர்க்கரையைச் சிந்தாமல் லாக்டிக் அமிலமாக்கும். 2020-இல் லேக்டோபேசில்லஸ் என்ற பெரிய பேரினத்தை அறிவியலாளர்கள் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பிளாண்டாரத்தின் இப்போதைய பெயர் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம். புக்னரி என்ற இனம் லென்டிலேக்டோபேசில்லஸ் புக்னரி ஆகிவிட்டது. பாக்கெட்டுகளில் பழைய பெயரும் புதிய பெயரும் மாறிமாறி வருகின்றன, பொருள் ஒன்றே. ஒரு கிராம் தீவனத்துக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் உயிருள்ள பாக்டீரியாக்கள் சேர வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு டன்னுக்குக் குறைந்தது 10,000 கோடி. கேட்க மலைப்பாக இருந்தாலும் அவ்வளவும் சில கிராம் தூளில் அடங்கிவிடும். ஏற்கெனவே இலையில் ஒட்டியிருக்கும் கண்டதையும் எண்ணிக்கையில் வெல்ல இந்த அளவு தேவை. குறைந்த அளவில் தெளிப்பது பணத்தை வீணாக்குவதுதான்.

பிளாண்டாரம் சேர்த்தவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. பி.எச். நன்றாக இறங்கியிருந்தது, வாசனை அருமை, இழப்பு குறைவு. ஆனால் குழியைத் திறந்ததும் சாதாரண ஊறுகாய்ப்புல்லைவிடச் சில சமயம் சீக்கிரமாகச் சூடேறிக் கெட்டது. காரணம் ஈஸ்ட். ஆக்சிஜன் இல்லாதபோது உறங்கிக் கிடக்கும் சில ஈஸ்ட்டுகள், காற்றுப் பட்டதும் விழித்து லாக்டிக் அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும். அமிலம் தீரத் தீர பி.எச். ஏறும், சூடு ஏறும், பூசணமும் லிஸ்டீரியாவும் உள்ளே வரும். லாக்டிக் அமிலத்தால் ஈஸ்ட்டைத் தடுக்க முடியாது. தடுக்கக்கூடிய அசிட்டிக் அமிலமோ சுத்தமான லாக்டிக் புளிப்பில் போதிய அளவு இருப்பதில்லை. சிக்கனமான பாக்டீரியாவே திறந்த குழியில் பலவீனமாகிவிட்டது.

அதற்கு விடையாக வந்தது புக்னரி, செலவாளி என்று ஒதுக்கப்பட்ட இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சர்க்கரை தீர்ந்தபின்னும் இது சும்மா இருப்பதில்லை. ஏற்கெனவே உண்டான லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாகவும் புரொப்பேன்டையால் என்ற பொருளாகவும் மாற்றுகிறது. ஆக்சிஜன் இல்லாத நிலையில் இது செய்யும் இந்த மாற்றத்தின் வழியை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001-இல் விளக்கினார்கள். பி.எச். சற்றே ஏறும், எடையில் சிறிது குறையும். ஈடாக ஈஸ்ட் கட்டுப்படும். திறந்த ஒருநாளில் சூடேறியிருக்க வேண்டிய மக்காச்சோள ஊறுகாய்ப்புல் பல நாட்கள் குளிர்ச்சியாக நிற்கும். ஒரே குறை, இது மெதுவான வேலைக்காரன். 45 முதல் 60 நாட்களாவது மூடி வைத்தால்தான் பலன் தெரியும். மூன்றே வாரத்தில் திறந்துவிடுபவருக்குப் புக்னரியால் உதவியில்லை. இன்று விற்கும் நல்ல சேர்க்கைகளில் பல, முன்னால் ஓட ஒன்றும் பின்னால் காக்க ஒன்றுமாக இரண்டையும் கலந்தே வருகின்றன.

வெப்பநாட்டில் இந்தத் திறப்புக்குப் பிந்தைய கெடுதல்தான் பெரிய எதிரி. 30 டிகிரிக்கு மேலான சூட்டில் ஈஸ்ட்டும் பூசணமும் விரைந்து வளரும். குழியின் முகப்பிலிருந்து நாள்தோறும் ஒரு சீராக ஓர் அடிக்குக் குறையாமல் வெட்டி எடுக்க வேண்டும் என்பார்கள். இரண்டு மாடு வைத்திருப்பவர் பெரிய குழி வெட்டினால் அந்த வேகத்தில் எடுக்க முடியாது. எடுப்பதற்குள் முகப்புக் கெட்டுவிடும். அவருக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மோ சைலேஜ் பையோதான் பொருத்தம். ஒன்றைத் திறந்தால் சில நாட்களில் தீர்ந்துவிடும்.

பயிரைப் பொறுத்தும் பாக்டீரியாவின் பயன் மாறுகிறது. மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருப்பதால் தானாகவே நன்றாகப் புளிக்கும். பிளாண்டாரம் சேர்ப்பதால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். புல்லிலும் பயறுவகைத் தீவனத்திலும் பயன் தெளிவாகத் தெரியும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்குகள் சொல்கின்றன. கம்பு நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் கரையும் சர்க்கரை குறைவு, தண்டு தடிமன், அறுத்த நிலையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். குதிரைமசால், வேலிமசால், தட்டைப்பயறு போன்றவை உண்டாகும் அமிலத்தைத் தம்மிடமுள்ள புரதத்தாலும் தாதுக்களாலும் உறிஞ்சிக்கொண்டு பி.எச்.-ஐ இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். இவற்றுக்கு பாக்டீரியாவை மட்டும் தெளித்தால் அது தின்னச் சர்க்கரை இருக்காது. 100 கிலோவுக்கு 2 முதல் 4 கிலோ வரை கழிவுப்பாகு கலக்க வேண்டும்; அறுத்த புல்லை அரைநாளாவது வெயிலில் வாடவிட வேண்டும். நறுக்கிய தீவனத்தைக் கையில் அள்ளி உருண்டையாக இறுக்கிப் பிடித்து விடுவது ஈரத்தை அறியும் எளிய சோதனை. விரலிடுக்கில் சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் பொலபொலவென உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம். உருண்டை மெல்ல மெல்ல விரிந்து கையில் லேசான ஈரம் மட்டும் ஒட்டினால் அதுதான் பக்குவம். அப்போது நூற்றுக்கு 65, 70 பங்கு ஈரம் இருக்கும்.

உயிருள்ள பொருளை வாங்குகிறோம் என்ற நினைவு பாக்கெட்டைக் கையாள்வதிலும் வேண்டும். கடையில் வெயில்படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த தூளில் உயிர் மிஞ்சியிருக்காது. குளோரின் கலந்த குடிநீரில் கரைத்தால் அதுவே கொன்றுவிடும்; கிணற்று நீர் நல்லது, இல்லையேல் குழாய்த் தண்ணீரை முந்தின நாளே அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைக்கலாம். கரைத்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். தெளிப்பான் தொட்டி வெயிலில் சூடாகக் கூடாது. நறுக்கிய தீவனத்தில் அடுக்கடுக்காகத் தெளித்து நன்றாகக் கலக்க வேண்டும், ஏனென்றால் பாக்டீரியா நடந்து போகாது. விழுந்த இடத்தில்தான் வேலை செய்யும். மேலாகத் தெளித்து மூடிய குழியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் நடந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மிதிப்பு. ஓரங்குல நீளத்துக்கு மிகாமல் நறுக்கி, அரை அடி உயரத்துக்கு ஓர் அடுக்குப் பரப்பி, மிதித்து, பிறகு அடுத்த அடுக்கு. ஒரு கன மீட்டரில் 600 கிலோவுக்குக் குறையாமல் அடங்கினால் நல்ல அடைப்பு. சுவரோரமும் மூலையும் பெரும்பாலும் விடுபடும் இடங்கள். பூசணமும் அங்கேதான் தொடங்கும். குழியை ஒரே நாளில் நிரப்பி அன்றே மூடி, பாரம் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த பாக்டீரியாவைத் தெளித்தவரைவிட, எதையும் தெளிக்காமல் இதை ஒழுங்காகச் செய்தவரின் மாடு நல்ல தீவனம் தின்னும்.

மாட்டின் வயிற்றுக்குள் போனபின் இந்த பாக்டீரியாக்கள் ஏதாவது செய்கின்றனவா? போதிய அளவில் உயிரோடு உட்கொள்ளும்போது உண்பவருக்கு நன்மை தரும் நுண்ணுயிர் என்பதுதான் 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் புரோபயாட்டிக்குக்குத் தந்த இலக்கணம். நல்ல ஊறுகாய்ப்புல்லோடு மாடு நாள்தோறும் விழுங்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை எந்த மாத்திரையிலும் இல்லாதது. அவை முதல் இரைப்பையின் நீரில் சில காலம் உயிரோடு இருப்பதை இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் செய்த சோதனைகள் காட்டின. ஆனால் அந்த இரைப்பையில் ஒரு மில்லிலிட்டரிலேயே ஆயிரம் கோடி நுண்ணுயிர்கள் உண்டு; வந்தவர் அங்கே நிலையாகக் குடியேறுவதில்லை. 2017-இல் பல சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, பாக்டீரியா சேர்த்த ஊறுகாய்ப்புல் தின்ற மாடுகளின் பால் நாளைக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே கூடியிருந்தது. மெய்யான பலன்தான், சிறியது. விளம்பரத்தில் சொல்லும் லிட்டர் கணக்கைத் தேட வேண்டாம்.

நோய்க்கிருமியை எதிர்க்கும் பலன் வேறு இடத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஈ. கோலை ஓ157 என்ற வகை மாட்டுக்கு எந்தத் தொல்லையும் தராமல் அதன் குடலில் வாழும். சாணத்தின் வழியாக இறைச்சிக்கும் காய்கறிக்கும் போய்ச் சேர்ந்தால் குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பாழாக்கும். அமெரிக்காவில் இறைச்சிக்காகக் கொழுக்கவைக்கும் மாடுகளுக்கு லேக்டோபேசில்லஸ் ஆசிடோபிலஸின் குறிப்பிட்ட ஒரு ரகத்தை அன்றாடம் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது, சாணத்தில் இந்தக் கிருமியை வெளியேற்றும் மாடுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பிறந்த சில வாரங்களில் வரும் கன்றுக்கழிச்சலிலும் பாலோடு கொடுக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. இரைப்பை இன்னும் வளராத கன்றின் குடலில் இடம் காலியாக இருப்பது இதற்கு உதவுகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முற்றிலும் நிறுத்தியபின் இந்த ஆராய்ச்சிக்கு வேகம் கூடியது.

பாக்டீரியா நல்லது என்பதாலேயே எந்த பாக்டீரியாவும் நல்லது என்றாகிவிடாது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத மரபணு ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து, குடலிலுள்ள நோய்க்கிருமிக்கு அதைக் கைமாற்றிவிடும் ஆபத்து உண்டு. ஐரோப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வொரு ரகத்தையும் இதற்காகத் தனியே மதிப்பிட்ட பிறகே அனுமதி கிடைக்கிறது. சில சேர்க்கைகளில் உள்ள என்டரோகாக்கஸ் ஃபீசியத்தின் உறவினர்கள் மருத்துவமனைகளில் கடினமான தொற்றுகளை உண்டாக்குபவை. ரகத்தின் பெயரும் எண்ணும் அச்சிடாத பாக்கெட்டில் அந்த இனம் இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

மூன்று வாரத்துக்குப் பிறகு திறக்கும் நல்ல ஊறுகாய்ப்புல் பொன்பச்சையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும், பழம் புளித்தது போன்ற இதமான வாசனை வரும், கையில் ஒட்டாது. கரும்பழுப்பும் கருகிய வெல்ல வாசனையும் உள்ளே சூடேறியதைச் சொல்கின்றன. ஆழமான குழியில் இறங்குபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அடைத்த முதல் மூன்று வாரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற செம்பழுப்பு நச்சுவாயு உண்டாகலாம். மணமில்லாத கார்பன் டை ஆக்சைடும் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். காற்றோட்டம் வரும்வரை காத்திருக்காமல் தனியாக இறங்கியவர்கள் மேலே வராமல் போனதுண்டு. மாட்டுக்கு முதலில் நாளைக்கு 5 கிலோ கொடுத்துப் பழக்கி, பின் 15, 20 கிலோ வரை கூட்டலாம். பால் கறந்தபின் போட்டால் பாலில் வாடை ஏறாது.

பூசணம் பிடித்த பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. லாக்டிக் பாக்டீரியா பூசணத்தை வளரவிடாமல் தடுக்கும். பூசணம் ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சை நம்பத்தக்க அளவில் அழிக்காது. ஆஸ்பர்ஜில்லஸ் பூசணத்தின் அஃப்ளாடாக்சின் மாட்டின் உடலில் உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு கிலோ பாலில் இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 0.5 மைக்ரோகிராம். வெள்ளையோ பச்சையோ நீலமோ படர்ந்த தீவனத்தை அதன் சுற்றுப்பகுதியோடு சேர்த்து அள்ளி எருக்குழியில் போட்டுவிடுங்கள். சினைமாட்டுக்கும் பால்மாட்டுக்கும் அதை உதறிக் கலந்து போடாதீர்கள்.